நான்கு மணி நேரத்தில் கைமாறிய தோட்டங்கள்



"முதலீட்டு வங்கி என்றால் என்ன? அது உலகச் சந்தையில் எப்படித் தொழில் செய்கிறது? எப்படிப் போட்டி போடுகிறது?" - இதுதான் இந்த வாரக் கலந்துரையாடலின் தலைப்பு. தலைப்பைக் கேட்டதும் பலர் அலைவரிசையை மாற்றியிருப்பார்கள். பெம்பானில் இருப்பவருக்கும் லண்டனில் கோட்டு சூட்டுப் போட்டவர்கள் நடத்தும் வங்கிக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பது இயல்பு. நானும் அப்படித்தான் நினைத்தேன். வரலாற்றைப் புரட்டிப் பார்த்தபோது, நம் தோட்டப்புற வாழ்க்கையின் ஒவ்வொரு திருப்பத்திலும் இப்படிப்பட்ட வங்கி ஒன்று திரைமறைவில் நின்றிருப்பது தெரிந்தது.

1981-ஆம் ஆண்டு செப்டம்பர் 7, திங்கட்கிழமை. நம் நாட்டில் பிற்பகல் சுமார் மூன்றரை மணி. மரம் வெட்டி, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, லயத்து வாசலில் மக்கள் ஓய்ந்து உட்கார்ந்திருக்கும் நேரம். அதே நேரத்தில் லண்டனில் காலை ஒன்பது மணி, பங்குச் சந்தை திறக்கிறது. அங்கே தொலைபேசிகள் அலறுகின்றன. நம் தோட்டங்களில் விளக்கு வைக்கும் நேரத்துக்குள், கத்ரி கம்பெனியின் பாதிக்கு மேற்பட்ட பங்குகள் மலேசியாவின் கைக்கு வந்துவிட்டன. அந்தக் கம்பெனிக்கு இங்கே ஏறத்தாழ 2 லட்சம் ஏக்கர் தோட்டம் இருந்தது. மறுநாள் விடியற்காலையில் பெரட்டில் நின்ற தொழிலாளி ஒருவருக்கும் தன் முதலாளி மாறியது தெரியாது.

இதைத்தான் 'விடியற்காலைத் தாக்குதல்' என்று சரித்திரம் சொல்கிறது. இதில் துப்பாக்கி இல்லை. தொலைபேசியும், காசோலையும், ஒரு முதலீட்டு வங்கியும்தான் ஆயுதங்கள்.

சாதாரண வங்கியும் முதலீட்டு வங்கியும்

நாம் சம்பளம் போடும் வங்கி நம் சேமிப்பை வாங்கி வைத்துக்கொள்கிறது. அதை வீடு வாங்குபவருக்கும் கார் வாங்குபவருக்கும் கடனாகக் கொடுத்து வட்டியில் பிழைக்கிறது. முதலீட்டு வங்கி அப்படியல்ல. அங்கே போய் நீங்கள் ஐம்பது ரிங்கிட்டைப் போட்டுப் புத்தகத்தில் பதிந்துகொள்ள முடியாது. அதன் வாடிக்கையாளர்கள் கம்பெனிகளும் அரசாங்கங்களும்தான். அது முக்கியமாக மூன்று வேலைகளைச் செய்கிறது.

முதலாவது, பணம் திரட்டிக் கொடுப்பது. ஒரு கம்பெனி தன் பங்குகளையோ கடன் பத்திரங்களையோ விற்க விரும்பினால், வங்கி விலையை நிர்ணயிக்கிறது, வாங்க ஆள் தேடுகிறது. "விற்காமல் மிஞ்சினால் நானே எடுத்துக்கொள்கிறேன்" என்று பொறுப்பும் ஏற்கிறது. அந்தப் பொறுப்புக்குத்தான் கட்டணம்.

இரண்டாவது, ஆலோசனை. இது கல்யாணத் தரகர் வேலை மாதிரி. எந்தக் கம்பெனியை எந்தக் கம்பெனி வாங்கலாம், என்ன விலை கொடுக்கலாம், எப்போது பேச்சைத் தொடங்கலாம் என்று வழிகாட்டுவது. காரியம் முடிந்தால் தரகுப் பணம்.

மூன்றாவது, பங்கு, பத்திரம், நாணயம், சரக்கு ஆகியவற்றை வாங்கி விற்பது. வாடிக்கையாளருக்காகவும் செய்வார்கள், சொந்தக் கணக்கிலும் செய்வார்கள். இதில் லாபமும் பெரிது, ஆபத்தும் பெரிது. 1762-ல் தொடங்கிய லண்டன் பேரிங்ஸ் வங்கி, தன் சிங்கப்பூர் அலுவலகத்தில் இருந்த ஒரே ஓர் ஊழியரின் சூதாட்டத்தால் 1995-ல் மூழ்கியது. நஷ்டம் 80 கோடி பவுண்டுக்கும் மேல். கடைசியில் அந்த வங்கி ஒரே ஒரு பவுண்டுக்கு விலைபோனது.

கத்ரியை வாங்கிய விதம்

கத்ரி பழைய கம்பெனி. 1821-ல் அலெக்சாண்டர் கத்ரி சிங்கப்பூரில் தொடங்கியது. மலாயா சுதந்திரம் பெற்று இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அதன் பங்குகள் லண்டனில்தான் வாங்கி விற்கப்பட்டன. நம் மண்ணில் விளைந்த லாபத்துக்கு லண்டனில்தான் கணக்கு எழுதப்பட்டது.

1978-ல் பெர்மோடாலான் நேஷனல் என்ற பி.என்.பி. நிறுவனத்தை அரசாங்கம் தொடங்கியது. டான்ஸ்ரீ காலிட் இப்ராஹிம் அதை நடத்தினார். பேங்க் நெகாராவின் முன்னாள் கவர்னர் துன் இஸ்மாயில் முகமட் அலி அதன் தலைவர். 1979-ல் சைம் டார்பி கத்ரியை வாங்க வெளிப்படையாகப் பேசிப் பார்த்தது, முடியவில்லை. கேட்டு வாங்குவது நடக்காது என்று தெரிந்த பிறகு, பி.என்.பி. வேறு வழியில் இறங்கியது.

ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஏற்கெனவே பி.என்.பி. கையில் இருந்தது. மீதியை யாரிடம் வாங்குவது? இங்கேதான் முதலீட்டு வங்கியின் தேவை வருகிறது. கோலாலம்பூரில் இருப்பவருக்கு, லண்டனில் எந்த ஓய்வூதிய நிதி எத்தனை பங்கு வைத்திருக்கிறது, எந்த மேலாளர் நல்ல விலை வந்தால் விற்பார் என்று தெரியாது. ரோத்ஸ்சைல்ட் வங்கிக்குத் தெரியும். ரோ அண்ட் பிட்மன் என்ற பங்குத் தரகு நிறுவனத்துக்கும் தெரியும். இதே தரகர்கள் 1980 பிப்ரவரியில் டி பியர்ஸ் வைரக் கம்பெனிக்காக இன்னொரு பெரிய கம்பெனியின் பங்குகளை இப்படியே விடியற்காலையில் வாரிக் கொடுத்து அனுபவப்பட்டவர்கள்.

திட்டம் எளிமையானது. ஆனால் ரகசியம் ஒரு துளி கசிந்தாலும் கெட்டுவிடும். "மலேசியா வாங்கப் போகிறது" என்று தெரிந்தால் விலை ஏறிவிடும், கத்ரியின் இயக்குநர்களும் தடுப்பு வேலையில் இறங்கிவிடுவார்கள். ஆகவே சந்தை திறந்த அதே நிமிடத்தில், பெரிய பங்குதாரர்கள் எல்லாரையும் ஒரே நேரத்தில் அழைத்து, சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கொடுக்க முன்வந்தார்கள். யோசிக்க அதிக நேரம் கொடுக்கவில்லை. நான்கு மணி நேரத்துக்குள் ஐம்பது விழுக்காட்டைத் தாண்டியாகிவிட்டது. பிறகு மீதிப் பங்குகளையும் வாங்கிக்கொண்டார்கள். மொத்தச் செலவு சுமார் 28 கோடி பவுண்டு.

லண்டன் அதிர்ந்தது. அங்கே பங்குச் சந்தை விதிகள் இறுக்கப்பட்டன. இங்கே, அந்த ஆண்டு ஜூலையில்தான் பிரதமர் பொறுப்பை ஏற்றிருந்த டாக்டர் மகாதீர், "பிரிட்டிஷ் பொருளைக் கடைசியாக வாங்குங்கள்" என்ற கொள்கையை அக்டோபரில் அறிவித்தார்.

ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். 1875-ல் சூயஸ் கால்வாய்ப் பங்குகளை பிரிட்டிஷ் அரசாங்கம் அவசரமாக வாங்க 40 லட்சம் பவுண்டு கடன் கொடுத்ததும் இதே ரோத்ஸ்சைல்ட் வங்கிதான். அன்று பிரிட்டன் அடுத்த நாட்டின் சொத்தை வாங்க உதவியது. நூற்றாறு ஆண்டுகள் கழித்து, பிரிட்டனின் சொத்தை நாம் வாங்க உதவியது. முதலீட்டு வங்கிக்குச் சொந்த பந்தம் கிடையாது. யார் கட்டணம் கட்டுகிறார்களோ அவர்கள்தான் அதற்கு வாடிக்கையாளர். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மலாக்காவில் தொடங்கிய கதை

நம் மலாக்காவுக்கு வருவோம். மலாயாவின் முதல் வர்த்தக ரப்பர்த் தோட்டம் 1896-ல் புக்கிட் லிந்தாங்கில்தான் உருவானது. நட்டவர் மலாக்கா சீனர் டான் சாய் யான். அடுத்து புக்கிட் ஆசகானில் பெரிய அளவில் நட்டார். அந்தத் தோட்டம் 1906-ல் லண்டனில் தொடங்கப்பட்ட ஒரு கம்பெனியின் கைக்குப் போனது. 1910-ல் சைம் டார்பி பிறந்ததும் மலாக்காவில்தான்.

அதே 1910-ல் ரப்பர் விலை விண்ணை முட்டியது. லண்டனில் கடைச் சிப்பந்தியிலிருந்து பிரபு வரை ரப்பர்ப் பங்கு வாங்கினார்கள். ஏஜென்சி கம்பெனிகள் என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அவர்கள் செய்தது முதலீட்டு வங்கி வேலைதான். இங்கே ஒரு தோட்டத்தை வாங்குவது, லண்டனில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்வது, அந்தத் தோட்டத்தைக் கூடுதல் விலைக்கு அந்தக் கம்பெனிக்கு விற்பது, பொதுமக்களிடம் பங்கு விற்றுப் பணம் எடுப்பது, பிறகு தோட்டத்தை நிர்வகிக்கும் உரிமையையும் தாங்களே வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் கட்டணம் வாங்குவது. அந்தப் பங்குப் பணம் ரப்பராக வேண்டுமானால் கைகள் வேண்டும். அந்தக் கைகளுக்காகத்தான் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல்கள் பினாங்குக்கு வந்தன.

நம்மவர் நடத்திய வங்கி

தமிழன் கூலியாக மட்டும் வரவில்லை. அதே கடல்வழியில் நாட்டுக்கோட்டை நகரத்தாரும் வந்தார்கள். மலாக்கா செங் வட்டாரத்துச் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலில் மாசி மகத்துக்குக் கூடும் கூட்டத்தில் பலருக்கு, அந்தக் கோயிலை நடத்திவரும் நகரத்தாரின் வணிக வரலாறு தெரியாது.

ஒரு கிட்டங்கி, அதில் வரிசையாகப் பெட்டிகள், ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு மேலாள், அவருக்கு உதவியாக அடுத்தாள். செட்டிநாட்டு முதலாளியின் பணத்தை வைத்து மூன்று ஆண்டுத் தவணைக்குத் தொழில் நடத்திவிட்டு ஊர் திரும்புவார், அடுத்தவர் வருவார். கொழும்பிலும் ரங்கூனிலும் சைகோனிலும் சிங்கப்பூரிலும் இதே அமைப்பு. உண்டியல் எழுதிக் கொடுத்தால் ஓர் ஊரில் கட்டிய பணத்தை இன்னோர் ஊரில் வாங்கிக்கொள்ளலாம். ரோத்ஸ்சைல்ட் குடும்பத்தின் ஐந்து சகோதரர்கள் ஐரோப்பாவின் ஐந்து நகரங்களில் உட்கார்ந்து செய்த தொழிலும் இதே மாதிரிதான். குடும்ப நம்பிக்கை, விரைவான தகவல், ஊருக்கு ஊர் கிளை. பிரிட்டிஷ் வங்கிகள் ஏறிட்டும் பார்க்காத சிறுதோட்டக்காரருக்கும் சீன வியாபாரிக்கும் கடன் கொடுத்தது செட்டியார் பெட்டிதான். வட்டி கசந்ததும் உண்டு, அடமானத்தில் நிலம் போனதும் உண்டு. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

1937-ல் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் ஒரே நாளில் திறப்பு விழா. அடுத்துப் பினாங்கிலும் கிளை. பிறகு நடந்ததுதான் சுவையானது. 1970-களின் தொடக்கத்தில், இந்தியன் ஓவர்சீஸ், இந்தியன் வங்கி, யுனைடெட் கமர்ஷியல் வங்கி ஆகிய மூன்றின் மலேசியக் கிளைகள் சேர்ந்து யுனைடெட் ஏசியன் வங்கி ஆனது. 1991-ல் அது பேங்க் ஆஃப் காமர்ஸோடு இணைந்தது. 1999-ல் பூமிபுத்ரா வங்கியோடு சேர்ந்து பூமிபுத்ரா காமர்ஸ் ஆனது. 2006-ல் சி.ஐ.எம்.பி. என்ற பெயரில் வந்தது.

அந்த சி.ஐ.எம்.பி.யின் முதலீட்டு வங்கிதான் 2006 நவம்பரில் ஒரு பெரிய திட்டத்தை முன்வைத்தது. சைம் டார்பி, கோல்டன் ஹோப், கத்ரி ஆகிய மூன்றையும் ஒன்றாக்குவது. சினர்ஜி டிரைவ் என்ற பெயரில் ஒரு தனிக் கம்பெனியை உருவாக்கி, மூன்றின் சொத்துகளையும் அதற்கு மாற்றி, 2007-ல் இணைப்பு முடிந்தது. கத்ரி என்ற பெயர் மறைந்தது. செட்டியார் பெட்டியின் ஒரு கிளை நீர் எங்கெங்கோ ஓடி, கடைசியில் தோட்டங்களின் இணைப்பில் வந்து கலந்திருக்கிறது!

போட்டி என்றால் இப்படி

இந்தத் தொழிலில் எல்லா வங்கியும் விற்பது ஒரே சரக்கு, பணம். அப்படியானால் போட்டி எதில்? தகவலில், உறவில், நம்பகத்தில், வேகத்தில். பெரிய ஒப்பந்தம் ஒன்றுக்குப் பொறுப்பேற்கும் அளவுக்குச் சொந்த மூலதனம் இருக்கிறதா என்பதில். நியூயார்க், லண்டன், ஹாங்காங் என்று எல்லாச் சந்தையிலும் ஆள் இருக்கிறதா என்பதில்.

1986 அக்டோபர் 27-ல் லண்டன் தன் பழைய கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதும் அமெரிக்க, ஐரோப்பிய வங்கிகள் உள்ளே புகுந்தன. கத்ரியைப் பிடித்துக் கொடுத்த ரோ அண்ட் பிட்மன் அந்த மாற்றத்தில் வார்பர்க் வங்கிக்குள் போனது. வார்பர்க்கை 1995-ல் சுவிஸ் வங்கி ஒன்று வாங்கியது. 1998-ல் அதுவும் இன்னொன்றோடு சேர்ந்து யு.பி.எஸ். ஆனது. மற்றவர்களை விழுங்க உதவியவர்களையே பெரியவர்கள் விழுங்கினார்கள். இந்தப் போட்டியைப் பார்த்துத்தான் நம் பேங்க் நெகாராவும் 2005-க்குப் பிறகு மெர்ச்சண்ட் வங்கிகளையும் பங்குத் தரகு நிறுவனங்களையும் இணைத்து உள்ளூர் முதலீட்டு வங்கிகளை உருவாக்கியது.

கட்டணத்துக்காகப் போட்டி போடும்போது கண் மறைப்பதும் உண்டு. 2012, 2013-ஆம் ஆண்டுகளில் கோல்ட்மேன் சாக்ஸ் வங்கி 1எம்டிபி நிறுவனத்துக்காக மூன்று முறை கடன் பத்திரம் விற்று 650 கோடி அமெரிக்க டாலர் திரட்டிக் கொடுத்தது. அதற்கு வாங்கிய கட்டணம் சுமார் 60 கோடி டாலர். திரட்டிய பணத்தில் கோடிக்கணக்கான டாலர் களவு போனது. 2020 ஜூலையில் மலேசியாவோடு 390 கோடி டாலர் உடன்பாட்டுக்கு அந்த வங்கி வந்தது. அதில் 250 கோடி ரொக்கம், மீதி சொத்து மீட்புக்கான உத்தரவாதம். 1981-ல் லண்டன் வங்கியின் திறமை நமக்கு உதவியது. 2012-ல் நியூயார்க் வங்கியின் திறமைக்கு நாம் விலை கொடுத்தோம். இரண்டு முறையும் வங்கி தன் தொழிலைத்தான் செய்தது. வாடிக்கையாளராக உட்கார்ந்தவர் யார் என்பதில்தான் வித்தியாசம்.

பெம்பான் பெரியவரின் கேள்வி

கலந்துரையாடலின் முடிவில், பெம்பானிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் எழுந்தார். நாற்பது வருடம் மரம் வெட்டியவர். "தம்பி, துரை போனாரு, டத்தோ வந்தாரு. கம்பெனி பேரு மாறிச்சு. ரப்பரு போயி செம்பனை வந்துச்சு. நமக்கு என்ன மாறிச்சு?" என்று கேட்டார். அரங்கில் கைதட்டல். எனக்கு உடனே பதில் வரவில்லை.

அவர் கேட்டது நியாயம். நானும் ஜாசின் வட்டாரத் தோட்டத்தில் பாட்டியின் லயத்தில் வளர்ந்தவன். 1981-ல் அந்த நான்கு மணி நேரத்தில் லண்டன் பங்குதாரர்களைக் கேட்டார்கள். தோட்டத்தில் மூன்று தலைமுறையாக இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்கும்படி சட்டமும் இல்லை, ஏனென்றால் நம் கையில் பங்கு இல்லை. 1967-ல் நம் புக்கிட் ஆசகான் தொழிலாளர்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூர் வரை நடந்தே போனார்கள். கால்தான் அவர்களிடம் இருந்த ஒரே ஆயுதம்.

ஆனால் பெரியவரிடம் ஒரு விஷயத்தை நினைவுபடுத்தினேன். 1950-களில் வெள்ளைக்காரர் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டு துண்டாக விற்க, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. அப்போது துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், "மாதம் பத்து வெள்ளி கொடுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம்" என்றார். 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தைத் தொழிலாளர் பணத்திலேயே வாங்கினார்கள். ரோத்ஸ்சைல்ட் இல்லை, தரகர் இல்லை. பணம் திரட்டுவது, சொத்தை மதிப்பிடுவது, வாங்கி நிர்வகிப்பது என்று ஒரு முதலீட்டு வங்கி செய்யும் வேலையை ஒரு கூட்டுறவுச் சங்கம் செய்து காட்டியது.

எல்லா முயற்சியும் அப்படி அமையவில்லை. 1982-ல் தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸில் 66,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் 10 கோடி ரிங்கிட்டுக்கும் அதிகமாகப் போட்டார்கள். தாலியை அடகு வைத்துப் போட்டவர்களும் உண்டு. ஒரு வெள்ளிப் பங்குக்கு 2010-ல் கிடைத்த விலை 80 காசு. இருபத்தெட்டு ஆண்டு காத்திருப்புக்கு அதுதான் பலன். நம் மக்களிடம் பணம் இல்லாமல் இல்லை, நம்பிக்கையும் இல்லாமல் இல்லை. கணக்குக் கேட்கும் பழக்கம்தான் குறைவாக இருந்தது.

ஆகவே, யாராவது "இதில் முதலீடு செய்யுங்கள்" என்று உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். உனக்குக் கட்டணம் யார் கொடுக்கிறார்? இது நஷ்டமானால் உனக்கு என்ன போகும்? எனக்குப் பணம் தேவைப்படும் நாளில் இதை யாரிடம், எப்படி விற்பது? உலகத்தின் பெரிய கம்பெனிகள் முதலீட்டு வங்கியிடம் கேட்பதும் இந்த மூன்றுதான்.

கடைசியாக ஒன்று. கத்ரி என்ற பெயர் திரும்ப வந்துவிட்டது. சைம் டார்பி பிளாண்டேஷன் 2017-ல் தனிக் கம்பெனியாகப் பங்குச் சந்தைக்கு வந்து, 2024-ல் எஸ்.டி. கத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதன் பெரிய பங்குதாரர்களில் ஒன்று நம் ஊழியர் சேமநிதி வாரியம். அதில் மாதாமாதம் சம்பளத்திலிருந்து பிடித்தம் போகிற ஒவ்வொருவரும், அவர் பெம்பானில் குலை வெட்டுபவராக இருந்தாலும் சரி, மலாக்காவில் கடையில் நிற்பவராக இருந்தாலும் சரி, அந்தத் தோட்டங்களில் ஒரு துளிக்குச் சொந்தக்காரர்.

இதைச் சொன்னதும் பெரியவர் சிரித்தார். "அப்போ அடுத்த தடவ விக்கிறப்போ நம்மளையும் கேக்கணும்" என்றார்.

கேட்க வைப்பது நம் கையில்தான் இருக்கிறது. இன்று மாலையே உங்கள் சேமநிதிக் கணக்கறிக்கையை எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள், பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்து. அடுத்த வாரம் வேறொரு தலைப்பில் சந்திப்போம்.